சிப்பிவிளையில் ஞாயிறன்று இறங்கிய ஒற்றைப் படகு

அனுப்புநர்
ப. காஜா முகைதீன்,
கடல் மீன் கொள்முதல் வியாபாரி,
மேலப்பாளையம், திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
ஏற்றுமதி மீன் தடமறிதல் பிரிவு (தென்கரை),
திருநெல்வேலி.

பொருள்: ராதாபுரம் வட்டம், சிப்பிவிளை மீன் இறங்குதளம் – வரிவிலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது – மறு ஆய்வு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 27.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேலப்பாளையத்தில் குடியிருப்பவன். என் வாப்பா காலத்திலிருந்து சிப்பிவிளைக் கரையில் கணவாய் மீன் வாங்கி, இப்போது கங்கைகொண்டானில் உள்ள ஒரு குளிர்பதனக் கூடத்துக்குக் கொடுத்து வருகிறேன். எனக்கு விலை பேசித்தான் பழக்கம், மனு எழுதிப் பழக்கமில்லை. எங்காவது குரல் உயர்ந்துவிட்டால், ஏலக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்று பொறுத்தருள வேண்டும். மேலும், ஊரார் சிலர் சொன்ன சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். திருத்தி எழுதினால் அவர்கள் சொன்னதாக இருக்காது.

2. வெளிநாட்டோடு நம் அரசு செய்துகொண்ட புதிய வணிக உடன்பாட்டைக் குறை சொல்ல இந்த மனு எழுதப்படவில்லை. அதை மனமாரப் பாராட்டுகிறேன். எந்தக் கரையில், எந்தப் படகு, என்றைக்குப் பிடித்தது என்று தடம் காட்டினால் அந்த நாட்டில் நம் மீனுக்கு வரி கிடையாது என்கிறது உடன்பாடு. கடலுக்கு ஓய்வு கொடுத்துப் பிடிக்கும் கரைகளுக்கு முன்னுரிமை என்றும் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இதுநாள் வரை சிப்பிவிளைக்காரர் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த கணவாயும், பெரிய விசைப்படகு குஞ்சு குளுவானோடு வாரிக்கொண்டு வந்த கணவாயும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்குப் போயின. இரண்டும் ஒன்றல்ல என்று எழுத்தில் எழுதிய மகராசன் யாரோ, அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

3. சிப்பிவிளைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் என் குறையைச் சொல்ல இயலாது. அவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். அங்கே மாதா கோயில் ஒன்றும் ஏலக்கூடம் ஒன்றும் உண்டு. மற்றபடி பைபர் படகுகளும் பனைகளும்தான். அவர்கள் கடலில் இறங்காத நாட்கள் மூன்று வகை. ஞாயிற்றுக்கிழமை இறங்க மாட்டார்கள். மாதா திருவிழாவில் இறங்க மாட்டார்கள். ஊரில் ஒருவர் இறந்தால், அடக்கம் முடியும்வரை இறங்க மாட்டார்கள். இந்த நாட்களில் கணவாய் கரைக்கே வந்து கதவைத் தட்டினாலும் அவர்கள் திறப்பதில்லை.

4. ஒருமுறை நல்ல மீன்பாடு கிடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சொந்தபந்தம் இல்லாத ஒரு கிழவி இறந்துபோனார். கடலுக்குப் போன படகுகளையும் போன் போட்டுத் திரும்ப அழைத்துவிட்டார்கள். வண்டியில் என் ஐஸ் உருகி ஓடுகிறது. நான் ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸிடம் போய்க் கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல், "ஒம்ம ஐஸ் உருகுனா வேற ஐஸ் போட்டுக்கிடலாம் வே. செத்தவளுக்கு இன்னைக்கி ஒரு நாளுதான்" என்றார். கிழவியின் சவப்பெட்டிக்குப் பின்னால் நானும் நடந்தேன். அன்று முதல் இந்த ஊர்மேல் எனக்கு இருப்பது வியாபாரி வைக்கும் மதிப்பு மட்டும் அல்ல.

5. அந்த ஊரின் ஞாயிறு அந்த ஊரோடு நிற்பதும் இல்லை. ஞாயிறு படகு இறங்காததால் திங்களன்று கங்கைகொண்டானுக்குச் சிப்பிவிளைச் சரக்கு போகாது. அங்கே கணவாய் சுத்தம் செய்யும் சுடலைவடிவு என்னும் பெண்மணி, திங்கள்தோறும் சிற்றாற்றுப் பாசன வயலில் களையெடுக்கப் போகிறார். "கடக்கரையில அவுங்க சாமி கும்பிடுததுனாலதான் எங்க வயல்ல களை போவுது அண்ணாச்சி" என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் ஜும்ஆவுக்குப் போவது வெள்ளிக்கிழமை. ஆனால் என் மகள் ஷஃபீகாவின் நிக்காஹை ஞாயிற்றுக்கிழமைதான் வைத்தேன். அன்றுதானே எனக்குக் கொள்முதல் கிடையாது! சிப்பிவிளையே திரண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தது.

6. இனி வழக்குக்கு வருகிறேன். தடமறிதலுக்காகக் கொடுக்கப்பட்ட செல்போன் செயலியில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு மீன் இறங்கியது என்று பதிய வேண்டும். சிப்பிவிளைக்காரர்கள் ஒழுங்காகப் பதிந்தார்கள். இறங்காத நாட்களில் ஒன்றும் பதியவில்லை. பிடிக்காததை எப்படிப் பதிவது? ஆனால் செயலிக்கு அது புரியவில்லை. அடிக்கடி காலியாக விடும் கரை, பிடித்த மீனை மறைக்கும் கரை என்று அது கணக்கிட்டுக்கொண்டு, "பதிவு மறைப்புச் சந்தேகம்" என்று சிவப்புக் குறி போட்டுவிட்டது. கடலுக்கு ஓய்வு கொடு என்று கேட்டதும் உடன்பாடுதான், ஓய்வு கொடுத்தவனைக் கள்ளன் என்றதும் அதே உடன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட செயலிதான். இதை யாரிடம் சொல்லி அழ?

7. ஊர்க் கமிட்டி முறையாக விளக்கம் அனுப்பியது. நம்பாவிட்டால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பாருங்கள் என்றும் எழுதியது. தங்கள் அலுவலகம் அதை ஏற்று, 11.01.2026 ஞாயிறன்று ஓர் இளம் ஆய்வாளரை அனுப்பியது. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அலுவலக வண்டி கேட்காமல் பஸ்ஸில் வந்தார். டீக்கு நான் காசு கொடுக்கப் போனதற்கு என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தாமே கொடுத்தார். இப்படிப்பட்ட பிள்ளைகள் அரசு வேலையில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று ஊரும் மகிழ்ந்தது. கரையில் அத்தனை படகும் மணலில் கிடந்தன. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர் அப்படியே திரும்பியிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை.

8. அன்று பெர்க்மான்ஸ் வீட்டில் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஊருக்கே ஆட்டுக்கறிச் சாப்பாடு. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். என் ஒருவனுக்காக, ராதாபுரத்திலிருந்து ஹலாலாக ஓதி அறுப்பவரைக் கூட்டிவந்து அத்தனை ஆட்டையும் அறுக்கச் சொன்ன ஊர் அது என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்த வீட்டு வாசலைக் கடந்துபோன ஆய்வாளரைச் சாப்பிடாமல் விடுவார்களா? கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அவர், "நான் கறி சாப்பிடுவதில்லை, மீன் மட்டும்தான் சாப்பிடுவேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், பழம் போதும்" என்றார். ஊர் அந்த வாக்கியத்தின் பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை.

9. ஞாயிற்றுக்கிழமை சிப்பிவிளையில் பச்சை மீன் இருக்காது. இருந்தால் அல்லவா அவர்கள்மேல் சந்தேகப்பட வேண்டும்! ஐஸில் கிடந்த பழைய மீனை விருந்தாளிக்கு வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை. ஞானஸ்நான வீட்டில், வெறும் வாழைப்பழத்தோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பந்தியில் மற்றவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பார் சாதமாவது வாங்கி வருகிறேன் என்று நான் என் பைக்கை எடுத்துக்கொண்டு ராதாபுரத்துக்கு ஓடினேன். அந்த இடைவேளையில், சலேத் மேரி என்னும் பெண்மணி தம் மகன் டார்லினைக் கூப்பிட்டு, "ஏலே, வந்த ஆளு பசியோட போனா நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நம்ம வலை போடுதது? எறங்குலே" என்று சொல்லியிருக்கிறார். டார்லின் கையில் இருந்த கறிச் சோற்றைக் கழுவிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

10. நான் பொட்டலத்தோடு திரும்பியபோது ஆய்வாளர் பந்தியிலிருந்து எழுந்து கடற்கரைக்குப் போய் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே டார்லின் தம் படகை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏலே டார்லின், என்னலே செஞ்சிட்ட?" என்று கத்தினேன். அவரோ, கரையோரப் பாறையடியில் தூண்டில் போட்டுப் பிடித்த ஒரே ஒரு விளமீனை வாலைப் பிடித்துத் தூக்கி, ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். ஞாயிறு கடலில் இறங்காத ஊர் என்று நிரூபிக்க வந்த நாளில், நிரூபிக்க வந்தவருக்குச் சோறு போடுவதற்காகவே கடலில் இறங்கிய ஊர், ஐயா, உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். தலையில் அடித்துக்கொள்வதா, காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

11. ஆய்வாளருக்கு அது யாருக்காகப் போன படகு என்று அப்போது தெரியாது. "ஞாயிறன்று படகு கடலில் இருந்ததா?" என்று செயலி கேட்டது. ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர அதில் இடமில்லை. அவர் உள்ளபடியே "ஆம்" என்பதைத் தொட்டு, படத்தோடு அனுப்பிவிட்டார். பிறகு அவரை மறுபடி பந்திக்குக் கூட்டிவந்தார்கள், மீன் குழம்பு வந்தது. "இந்த மீன் யாருக்கு?" என்று கேட்டார். "ஒங்களுக்குத்தான் சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது பாய். முடிந்தாலும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று என்னால் எழுத முடியாது" என்றார். நேர்மையான மனிதர். அவர்மீது எந்த நடவடிக்கையும் கூடாது என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் வாங்கி வந்த சாம்பார் சாதம் கடைசிவரை பிரிக்கப்படவே இல்லை.

12. அவர் போன பிறகு நடந்ததுதான் இந்த மனுவின் உயிர். அன்று மாலை ஜெபம் முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடியது. ஞாயிறு கட்டுப்பாட்டை மீறி இறங்கியதற்காக டார்லினின் படகு ஒரு வாரம் கடலுக்குப் போகக் கூடாது என்று பெர்க்மான்ஸ் மைக்கில் தீர்ப்புச் சொன்னார். யார் வீட்டு விருந்தின் மானத்தைக் காக்க அந்தப் படகு போனதோ, அதே பெர்க்மான்ஸ்! தங்கள் ஆணை எதுவும் அப்போது வரவில்லை. அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் காட்டுவதற்காக அவர்கள் அந்தத் தண்டம் போடவில்லை.

13. தீர்ப்பைக் கேட்டுக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. சலேத் மேரி மட்டும் எழுந்து, "எறங்கச் சொன்னது நான்லா. எனக்கும் தண்டம் போடுங்க" என்றார். அவரும் ஒரு வாரம் ஏலக்கூடத்துக்கு வரக் கூடாது என்று சேர்த்துச் சொன்னார்கள். அவர் திருப்தியாக உட்கார்ந்துகொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இது என்ன நியாயம் என்று டார்லினிடம் கேட்டேன். "பின்ன என்ன அண்ணாச்சி? ஞாயித்துக்கெழம எறங்குனா தண்டம் உண்டும்லா. அது தெரிஞ்சுதான போனேன்" என்றார். அந்த வாரம் முழுவதும் கணவாய் நன்றாகப் பட்டது. மற்ற படகுகள் அள்ளிக்கொண்டு வர, அம்மாவும் மகனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார்கள். சட்டத்தை மதிக்கும் ஊர் எது என்று தேடுகிறவர்கள் இதைவிட எங்கே போய்த் தேடுவார்கள்?

14. இந்த டார்லின் முன்பு பஹ்ரைனில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். "அங்கன ஞாயித்துக்கெழமயே கெடையாது அண்ணாச்சி. கடலும் தூங்கல, நாங்களும் தூங்கல" என்பார். புதிய உடன்பாடு வருகிறது, கணவாய்க்கு நல்ல விலை வரும் என்று கேள்விப்பட்டுத்தான் ஊர் திரும்பி, சம்பாதித்ததை எல்லாம் இந்தப் படகில் போட்டார். வரிவிலக்கு இல்லாத கரையின் சரக்கு இனி வேண்டாம் என்று கங்கைகொண்டான் கூடம் எனக்குச் சொல்லிவிட்டது. செய்தி தெரிந்ததும், பஹ்ரைனுக்கு ஆள் அனுப்பும் பழைய ஏஜென்ட் டார்லினைத் தேடி வந்துவிட்டான். இந்த மாத முடிவுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் போனால் அவரோடு ஊரின் பிள்ளைகள் பலர் போவார்கள் என்பது என் கணிப்பு. சலேத் மேரி என்னிடம் அழவில்லை. ஆனால் மகனின் பஹ்ரைன் பெட்டியை வெயிலில் காயவைத்திருந்ததைப் பார்த்தேன்.

15. இது ஓர் ஊரின் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்தச் செயலி நாட்டின் எல்லாக் கரைகளுக்கும் வரப்போகிறது என்கிறார்கள். ஒவ்வொரு கரையிலும் ஏதோ ஒரு நாள் படகு இறங்காது. ஓரிடத்தில் வெள்ளிக்கிழமை, ஓரிடத்தில் அமாவாசை, ஓரிடத்தில் அம்மன் கோயில் கொடைவிழா. அந்தக் கரைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்பாகும். நாள் தவறாமல் பதிவு போடும் பெரிய விசைப்படகுத் துறைமுகங்கள் மட்டும் பட்டியலில் மிஞ்சும். இன்னோர் உடன்பாட்டில் வந்திறங்கும் வெளிநாட்டு மீன், தோலும் முள்ளும் இல்லாமல், நெல்லையில் பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் மலிவு விலையில் கிடக்கிறது. என் பேத்தி அர்ஷியா அதைத்தான் மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் மீன் உள்ளே வரட்டும், தடுக்கவில்லை. நம் மீன் வெளியே போகும் வாசலில், யோக்கியமானவனை முதலில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

16. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்:

அ) பார்வையில் கண்ட ஆணையை நிறுத்தி வைத்து, டார்லின் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லும் முன்பாக, இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்பிவிளையை மறு ஆய்வு செய்ய வேண்டும்.

ஆ) செயலியில் "இன்று கடலுக்குப் போகவில்லை" என்று தொடுவதற்கு ஓர் இடம் வைக்க வேண்டும். காலியாக விட்டவனுக்கும் ஓய்ந்திருந்தவனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

இ) டார்லினுக்கு ஊர் விதித்த தண்டத்தையும், அதை அவர் ஏற்றதையும் தங்கள் கோப்பில் சான்றாகச் சேர்க்க வேண்டும். தீர்ப்பை மைக்கில் கேட்ட ஊர் முழுவதும் சாட்சி சொல்ல வரும்.

ஈ) கடைசி வேண்டுகோள். இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டும். மறு ஆய்வுக்கு வரும் அலுவலர் யாராக இருந்தாலும், ராதாபுரத்திலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதை உரக்கச் சொல்லவும் வேண்டும். இனி எந்த அதிகாரி பசித்து வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கக் கூடாது, இறக்கினால் பட்டியல் நிரந்தரமாகப் போய்விடும், டார்லின் பஹ்ரைனுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் சலேத் மேரியிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் வந்தவர பட்டினி போடச் சொல்லுதீயளா அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார். இதற்குப் பதில் தங்களிடம் இருந்தால் ஆணையில் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால், தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: மேலப்பாளையம்
நாள்: 02.02.2026

(ஒப்பம்)
ப. காஜா முகைதீன்